முகாமா, கல்லூரியா, ஆசானா, ஊருக்கு வரும் பயிற்சியாளரா: கலைக்குழுவைச் சமூக வேலைக்குப் பழக்க நான்கு வழிகள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, கோவிந்தாபுரம் என்று தமிழ் பேசும் ஊர்களில், ஊருக்கு ஒரு கிளப்பாவது இருக்கும். ஒரு செண்டை, இரண்டு பறை, நடிக்க வெட்கப்படாத நாலு பையன்கள். அதே தெருவில் அயல்கூட்டம் (குடும்பஸ்ரீ என்ற கேரள அரசுப் பெண்கள் திட்டத்தின் அக்கம்பக்கக் குழு) நடத்தும் அக்காமார், ஆஷா பணியாளர், பட்டியல் சாதி மக்களுக்கு அரசுத் திட்டங்களை எடுத்துச் சொல்லும் எஸ்.சி. புரமோட்டர். இவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் குடி, கூலிப் பாக்கி, சாதி, தண்ணீர் எல்லாவற்றையும் நாடகமாகவும் பாட்டாகவும் தெருவில் பேசலாமே, எங்கே அனுப்புவது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஒரு முறை செலவழிக்கத்தான் வரும். அதனால்தான் கேள்வி இழுபடுகிறது.

கண்ணுக்குத் தெரியும் வழிகள் நான்கு. எங்காவது போய்த் தங்கிப் படிக்கும் ஒரு வார, பத்து நாள் முகாம். நாடகப் பள்ளியில் முறையான படிப்பு. மரபுக் கலைஞர் ஒருவரை ஆசானாக ஏற்றுப் பழகுவது. பயிற்சியாளரை மாதாமாதம் ஊருக்கே வரவழைப்பது. என் சாய்வு நான்காவதன் பக்கம். அது ஒத்துவராத குழுக்களும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

தெரியாத விஷயமா, செய்ய முடியாத விஷயமா? பெரும்பாலான குழுக்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பயிற்சி தேடுகின்றன. மக்களுக்குத் தகவல் தெரியவில்லை என்றால் சொல்லும் நாடகம் போதும். கேரளத்தின் மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980இல் தொடங்கிய கலா ஜாதா என்ற கலைப்பயணம் அந்த வகை. ஒரு குழு பயிற்சி எடுக்கும், பாட்டும் குறுநாடகமுமாக ஊர் ஊராகப் போகும். 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானதிலும், தமிழ்நாட்டில் எழுத்தறிவுக்காக அறிவொளி இயக்கம் ஓடிய ஆண்டுகளிலும் இந்தக் கலைப்பயணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டெங்கு, ரேஷன் அட்டை, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது போன்றவற்றுக்கு இன்றும் இது போதும்.

ஆனால் இதே சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். 2002 ஏப்ரல் 22 அன்று கோகோ கோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்த ஏரவாளர், மலசர் பழங்குடி மக்களிடம் போய்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரும் நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவுக்கு அது தன் கிணற்றிலேயே தெரிந்தது. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், டீக்கடையில் வேறு டம்ளர், பேசியதைவிடக் குறைத்துத் தரும் கூலி இவையும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், வாய் திறக்கத்தான் முடியவில்லை. இங்கே வேண்டியது கூட்டத்தைக் கேள்வி கேட்கும் நாடகம். பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு இதற்கானது. கால் மணி நேர நாடகம் ஒன்று, பாதிக்கப்பட்டவர் தோற்கும் இடத்தில் முடியும். பிறகு அதையே மறுபடி ஆடுவார்கள். பார்ப்பவர்களில் ஒருவர் "நிறுத்து" என்று சொல்லி, அந்தப் பாத்திரத்தின் இடத்தில் தானே நின்று வேறு மாதிரி நடந்து பார்ப்பார். நடுவில் ஒருவர் கூட்டத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கும் ஜன சம்ஸ்கிருதி இதைக் கிராமங்களில் வேரூன்ற வைத்த குழு.

சொல்லும் நாடகத்துக்குப் பத்து நாள் பயிற்சி தாராளம். கேட்கும் நாடகத்தில் நடுவில் நிற்பவரை உருவாக்க மாதங்கள் ஆகும். செலவுக் கணக்கே இங்கிருந்துதான் பிரிகிறது.

யாருக்குப் பயிற்சி? கலைஞருக்குக் கூட்டத்தைக் கட்டிவைக்கத் தெரியும், ஆனால் நாடகம் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்று தெரியாது. பணியாளருக்கு ஒவ்வொரு வீட்டின் கதையும் தெரியும், மேடையில் ஏற்றினால் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவார். இருவரையும் இணையாகவே அனுப்புங்கள். கலைஞர்களை மட்டும் அழைக்கும் பயிற்சி என்றால் நான் தயங்குவேன்.

போகும் கூலி. பயிற்சி இலவசம் என்று நோட்டீஸில் இருக்கும். 2025-26இல் கேரளத்தில் தொழிலுறுதி (நூறு நாள் வேலை) கூலி நாளுக்கு 369 ரூபாய். பதினைந்து பேர் பத்து நாள் போனால் அந்த விலையிலேயே 55,350 ரூபாய் வேலை போகிறது. தோப்பு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு இழப்பு இன்னும் கூடும். இதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. அதனால் கூலிக்குப் போகாதவர்கள் மட்டும் வருகிறார்கள், குழுவின் நிறமே மாறிவிடுகிறது.

மொழி. திருச்சூரிலோ பாலக்காட்டிலோ பயிற்சி மலையாளத்தில் நடக்கும். நம்மவர்களுக்குப் புரியும், பேசவும் செய்வார்கள். ஆனால் வசனத்தை அந்த நேரத்தில் தானே உருவாக்கு என்றால் நாக்கு வீட்டுத் தமிழுக்குத்தான் போகும். பொள்ளாச்சிப் பக்கம் போனால் மொழி சிக்கலில்லை, ஆனால் அங்கே சொல்லித் தரும் திட்டங்களும் அலுவலகங்களும் தமிழ்நாட்டுடையவை. நமக்கு அட்சயா மையம் (அரசு விண்ணப்பங்களுக்கான இணையச் சேவை மையம்), கிராம சபை, குடும்பஸ்ரீ.

அப்புறம் என்ன? பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால் சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

## 1. தங்கிப் படிக்கும் முகாம்

வீட்டு வேலை, கைப்பேசி, ஊர்ச் சண்டை எல்லாவற்றையும் விட்டு வந்து காலை முதல் இரவு வரை ஒரே வேலை. உடம்பு திறப்பதும் கூச்சம் போவதும் முகாமில் நடக்கிற வேகத்தில் வேறெங்கும் நடக்காது. வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னைக்குப் பக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறை தமிழ் வீதி நாடகத்தில் எத்தனை பேரைத் தூண்டிவிட்டது என்பது நாடகக்காரர்களுக்குத் தெரியும். மற்ற ஊர்க் குழுக்களைச் சந்திப்பது இன்னொரு லாபம்.

மறைந்த செலவில் முதலாவது மேலே சொன்ன கூலி. இரண்டாவது, இரவு தங்க வேண்டும் என்றதும் திருமணமான பெண்கள் பெயரை அடித்துவிடுவார்கள். கைக்குழந்தை இருப்பவர் வரவே மாட்டார். குடி பற்றி நாடகம் போடப்போகும் குழுவில் அவர்கள் இல்லாமல் யார் பேசுவது? மூன்றாவது, முகாமில் போடும் நாடகத்தின் கதை முகாமிலேயே பிறக்கும். நாலு மாவட்டக்காரர்கள் சேர்ந்து பண்ணிய பொதுக் கதை. ஊருக்கு வந்ததும் அதையே ஆடிக்காட்டுவார்கள், நம் தெருப் பெயர் ஒன்று கூட அதில் இருக்காது.

ஏற்கெனவே இயங்கும் குழுவில் இரண்டு பேரை மெருகேற்ற வேண்டும் என்றாலோ, ஒரு கோடை விடுமுறைப் பிரச்சாரத்துக்கு ஆள் தயார் செய்ய வேண்டும் என்றாலோ முகாம் சரி. கல்லூரி மாணவர்களுக்கும் ஒத்துவரும். பணம் தரும் அமைப்பு தலைப்பையும் தருகிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு "அரசியல் வேண்டாம், சுத்தம் பற்றிப் போடுங்கள்" என்பார்கள்.

## 2. நாடகப் பள்ளிப் படிப்பு

திருச்சூர் அரணாட்டுக்கரையில் ஜி. சங்கரப் பிள்ளை முதல் இயக்குநராக இருந்து 1977இல் தொடங்கிய, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி நமக்கு மிகவும் பக்கம். தமிழில் படிக்க நினைப்பவர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியைப் பார்க்கலாம். தேசிய நாடகப் பள்ளியின் பெங்களூரு மையம் தென்மாநிலத்தவருக்கு ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது.

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இது தனி ஒருவரின் வாழ்க்கை முடிவு, குழுவின் பயிற்சித் திட்டம் ஆகாது. மூன்று நான்கு வருடம் போய் ஒளி, மேடை, இயக்கம் எல்லாம் கற்றவர் கொச்சிக்கோ சென்னைக்கோ சினிமா வாய்ப்புத் தேடிப் போனால் அவரைக் குறை சொல்ல முடியுமா? குழுவின் பணத்தை இதில் போடாதீர்கள். ஆனால் உங்கள் பையனோ பெண்ணோ நாடகமே வாழ்க்கை என்று நிற்கிறார் என்றால் விண்ணப்பம் போடவும் உதவித்தொகை தேடவும் குழு கூட நிற்கட்டும். திரும்பி வருபவர் ஒருவர் இருந்தால் தாலுகா முழுவதுக்கும் பயிற்சியாளர் கிடைத்த மாதிரி.

## 3. மரபுக் கலைஞரிடம் பழகுவது

இந்த மண்ணில் இதற்குக் குறைவே இல்லை. ஆலத்தூர், சித்தூர் தாலுகாக்களில் கண்ணியார்களி என்ற கோயில் ஆட்டம். பாணர் சமூகத்தாரின் பொறாட்டு நாடகம் என்ற நகைச்சுவைக் கூத்து. அட்டப்பாடி பக்கம் இருளர்களின் ஆட்டமும் பாட்டும். 2022இல் அறிவித்த தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருதை அட்டப்பாடி நஞ்சியம்மா வாங்கிய பிறகு வெளியுலகமும் அதைத் திரும்பிப் பார்த்தது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடம் என்ற நிழல்கூத்து மேடையில் தோல்பாவைக்கூத்து நடத்தும் புலவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாட்டுகள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குடும்பம் அந்தப் பாவைகளைக் கோயிலுக்கு வெளியே புதிய கதைகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவைப் பார்க்க வேண்டும். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிய பறையைத் தலித் பெண்கள் கையில் எடுத்துப் பொது மேடைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்ன நாடகம் என்பதைவிடப் பறையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி.

பொறாட்டு பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதில் மேடையோரம் ஒருவர் நிற்பார். வருகிற குறவனையும் குறத்தியையும், மண்ணானையும் மண்ணாத்தியையும் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பது அவர் வேலை. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கும் அதே சுதந்திரம் உண்டு, கதையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு பேசலாம். மன்ற அரங்கில் நடுவில் நிற்பவரைப் பயிற்றுவிப்பதுதான் கஷ்டம் என்றேன் அல்லவா? கேள்வி கேட்டே பழகிய ஒரு பொறாட்டு ஆசானிடம் ஆறு மாதம் உட்கார்ந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. வெளியூர் நிபுணரைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

மறைந்த செலவுகள் இங்கே பணமாக வராது. தை முதல் சித்திரை வரை வேலா, பூரம் என்று கோயில் திருவிழாக்களுக்குக் கலைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், அப்போது போய்ப் பாடம் கேட்காதீர்கள். மழை மாதங்கள் தோது. சடங்கோடு கட்டுண்ட கலை என்றால் எந்தப் பகுதியை வெளியே எடுக்கலாம் என்று அந்தச் சமூகத்திடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சாதி இங்கே வெளிப்படையாகவே வரும். யார் யாருக்குக் கற்றுத் தரலாம், யார் வீட்டில் சாப்பிடுவது, பறையைத் தொட வீட்டில் விடுவார்களா என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே எழும். எழட்டும், அதுவும் பயிற்சிதான். பழைய பொறாட்டில் பெண்களையும் சில சாதிகளையும் கிண்டல் செய்யும் பகுதிகள் உண்டு. அவற்றை அப்படியே எடுத்தால் வந்த வேலைக்கு நேர்மாறாகும். இன்னொன்று, ஆசானுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, வெளியூர்ப் பயிற்சியாளருக்கு மட்டும் கட்டணம் கொடுக்கிறார்கள். இருவருக்கும் ஒரே தொகை கொடுங்கள்.

குழுவுக்கு ஆட்டமும் தாளமும் சொந்தமாக வேண்டும், அவசரமில்லை என்றால் இது மேல். அடுத்த மாதமே ஒரு பிரச்சினையை எடுத்துத் தெருவில் இறங்க வேண்டும் என்றால் இது மட்டும் போதாது.

## 4. பயிற்சியாளர் ஊருக்கு வருவது

மாதம் ஒரு சனி, ஞாயிறு. ஆறு மாதம். மொத்தம் பன்னிரண்டு நாள்தான், முகாமை விட இரண்டு நாள் கூட. ஆனால் நடுவில் இருக்கும் வாரங்கள்தான் இதன் பலம்.

முதல் மாதம் விளையாட்டும், பேச்சில்லாமல் உடம்பால் காட்சி அமைப்பதும். வீடு என்றால் என்ன, கூலி நாள் என்றால் என்ன என்று உறைந்த நிலையில் நின்று காட்டுவார்கள். போனதும் நாலு வாரம் தெருவில் கதை சேகரிப்பு. இரண்டாம், மூன்றாம் மாதம் அவற்றை ஒரு காட்சியாக்குவது. நாலாம் மாதம் சொந்தத் தெருவில் ஆடுவது. ஐந்தாம் மாதம் பக்கத்து ஊரில். ஆறாம் மாதம் மறுபடி முதல் தெருவுக்கே திரும்பி, இடையில் என்ன நடந்தது என்று கேட்டு அதே நாடகத்தை ஆடுவது. கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், பணம் தீர்ந்துவிட்டது என்று எல்லாரும் வெட்டுவதும் அதைத்தான்.

பெண்கள் வருவது இந்த முறையில்தான். அங்கன்வாடியிலோ வாசகசாலையிலோ சாயங்காலம் ஒத்திகை, குழந்தையைக் கூடவே கூட்டிவரலாம். கூலி இழப்பும் குறைவு. குடும்பஸ்ரீக்கு ரங்கஸ்ரீ என்று பெண்களே நடத்தும் நாடகக் குழுக்கள் இருக்கின்றன, அவர்களில் யாரையாவது பயிற்சிக்குக் கூப்பிட்டால் உங்கள் அக்காமார் "நம்மள மாதிரிதானே இவங்களும்" என்று சட்டென்று சேர்ந்துகொள்வார்கள். கேரளப் பண்பாட்டுத் துறையின் வஜ்ர ஜூபிலி ஃபெல்லோஷிப் பெறும் இளம் கலைஞர்கள் உள்ளாட்சிகள் வழியாக இலவசமாகக் கற்றுத் தருவதும் உண்டு. உங்கள் பகுதிக்கு யார் என்று பிளாக் பஞ்சாயத்தில் விசாரியுங்கள்.

குறைகளும் கணிசம். ஊரிலேயே நடப்பதால் ரகசியம் இருக்காது. ஒத்திகையின் மூன்றாம் நாளே யார் வீட்டுக் கதை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். கட்சிக்காரர் ஒருவர் எட்டிப்பார்ப்பார், அடுத்த கட்சிக்காரர் கேட்டுக்கு வெளியே நிற்பார். ஆள் குறையும். பதினெட்டுப் பேரோடு தொடங்கினால் பத்துப் பேர் மிஞ்சுவது நல்ல கணக்கு. பயிற்சியாளர் இல்லாத வாரங்களில் குழுவைக் கட்டி இழுக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும். அவருக்கும் சிறிய மாதத் தொகை ஒதுக்குங்கள். இதைத் தொண்டு என்று விட்ட இடங்களில் மூன்றாம் மாதமே சாவி யார் கையில் என்ற சண்டை வந்துவிடுகிறது.

அப்படி ஒரு ஆள் உங்கள் ஊரில் இல்லை என்றால் இந்த வழியில் இறங்காதீர்கள். முகாமுக்கு இருவரை அனுப்பி, அவர்களில் ஒருவர் அந்த ஆளாக வருகிறாரா என்று பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முகாம் | நாடகப் பள்ளி | மரபு ஆசான் | ஊருக்கு வரும் பயிற்சி |
|---|---|---|---|---|
| சொல்லும் நாடகத்துக்கு | மிக நன்று | தேவைக்கு மேல் | பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நன்று | நன்று |
| கேட்கும் நாடகத்துக்கு | தொடக்கம் மட்டும் | பள்ளியைப் பொறுத்து | நடுவில் நிற்பவருக்கு நன்று | மிக நன்று |
| கூலி இழப்பு | அதிகம் | வேலையையே விட வேண்டும் | குறைவு | குறைவு |
| திருமணமான பெண்கள் | கடினம் | மிகக் கடினம் | கலையைப் பொறுத்து | எளிது |
| தமிழில் நடக்குமா | இடத்தைப் பொறுத்து | புதுச்சேரியில் ஆம் | பெரும்பாலும் கலப்பு | நாம் சொல்வதுதான் |
| மறைந்த செலவு | பொதுக் கதை, தொடர்ச்சியின்மை | ஊரை விட்டுப் போவது | காலம், சாதித் தடை | ரகசியமின்மை, ஆள் குறைதல் |

## எந்த வழியானாலும் முன்பே கேட்க வேண்டியது

நாடகம் முடிந்ததும் ஒரு சிறுமி வந்து, எனக்கும் இப்படி நடந்தது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? பயிற்சி தருபவரிடம் இந்தக் கேள்வியைப் போடுங்கள். பதில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். 2012இன் போக்சோ சட்டப்படி குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், நடிகருக்கு அதில் விலக்கில்லை. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 எண்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் எங்கே உட்காருகிறார் என்று பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணியாளரையும் கலைஞரையும் இணையாக அனுப்பச் சொன்னதன் காரணம் இது.

கதை கொடுத்தவரின் சம்மதமும் அப்படித்தான். "பெயரை மாற்றிவிட்டோம்" என்பது நூறு வீடு உள்ள ஊரில் எதையும் மறைக்காது. ஆடுவதற்கு முன் அவருக்கு மட்டும் ஒரு முறை நடித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாதி பற்றிய கதை என்றால், முன்னால் நின்று நடித்தவர் மறுநாள் அதே தோப்புக்காரரிடம் வேலை கேட்டுப் போக வேண்டியவரா என்றும் பாருங்கள். ஆபத்து கலைக்குழுவோடு வீடு திரும்புவதில்லை, அவரோடு ஊரில் தங்கிவிடுகிறது. வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மி 1989இல் தில்லிக்குப் பக்கத்துச் சாகிபாபாத்தில் நாடகம் ஆடிக்கொண்டிருந்தபோதே தாக்கப்பட்டு இறந்தார் என்பதை இந்த வேலைக்கு வரும் இளைஞர்களிடம் மறைக்கக் கூடாது. பயமுறுத்த அல்ல. அனுமதி, கூடவே நிற்கும் ஆட்கள், வண்டி எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் ஒத்திகையின் பகுதியாகப் பழக வேண்டும்.

## நான் எப்படிச் செலவழிப்பேன்

பணம் ஒரு முறைதான் என்றால், முக்கால் பங்கை ஊருக்கு வரும் பயிற்சியில் போடுவேன். மீதியில் ஒரு பொறாட்டு அல்லது பறை ஆசானை அதே சனி, ஞாயிறுகளில் சேர்த்துக்கொள்வேன். முகாமுக்கு என்று தனியாக ஒதுக்க மாட்டேன், நல்ல அழைப்பு வந்தால் ஒரு கலைஞரையும் ஒரு பணியாளரையும் அனுப்பலாம். டெங்கு, வாக்காளர் பட்டியல் மாதிரியான தகவல் வேலை மட்டும்தான் என்றால் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குங்கள், முகாமே மலிவு.

பஞ்சாயத்துத் திட்ட நிதியிலிருந்து தொகை கேட்பதாக இருந்தால், ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுத் திட்டத்தில் பெயர் வர வேண்டும். அதற்கு முந்தைய கிராம சபையிலேயே ஆள் கூட்டிப் போய்க் கேட்டிருக்க வேண்டும். வார்டு மெம்பரிடம் கொடுக்கும் தாளில் பயிற்சி நாட்களோடு ஆறாம் மாத மறு நிகழ்ச்சியையும், உள்ளூர் ஒருங்கிணைப்பாளரின் தொகையையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். தனி வரியாக இல்லாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டும்தான்.